இனிப்பு குறைந்த சர்க்கரை

"உங்க மரம், லிக். உங்க கத்தி. இடுப்புல கட்டியிருக்கறது உங்க மூங்கில் குழாய். இன்னும் என்ன..."

"நான் ஏத்திவிடலம்மா. சட்டைப் பொத்தான் போடத் தெரியாத மனுஷனை நான் எப்படி..."

"அப்ப அவரா பறந்து போனாரா? றெக்கை இருந்துச்சா எங்கப்பாவுக்கு?"

"நான் சொல்றதைக் கேளு குஸ்வதி..."

"கேட்டுட்டுத்தான இருந்தேன். சித்தப்பா முறைன்னு சின்ன வயசுலேர்ந்து லிக், லிக்னு உங்க பேச்சைத்தான கேட்டேன். இப்ப நீங்க பாருங்க லிக். நல்லாக் குனிஞ்சு பாருங்க."

தர்சுன் குனியவில்லை. அவருடைய வலது முட்டி பப்பாளிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வீங்காவிட்டாலும் குனிந்திருக்க மாட்டார்.

இரண்டு குரல்களுக்கும் நடுவே மதிர்ஜா கிடந்தார்.

அவர் யார் கட்சியும் பேசவில்லை.

காலை ஆறரை மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நடு ஜாவாவின் மலைச்சரிவில், கராங்ஸிரி கிராமத்துக்குக் கீழே, மூங்கில் புதருக்கு அந்தப்பக்கம் தர்சுனின் ஏழு தென்னைகள். ஏழாவது தென்னையின் அடியில் எழுபத்தொரு வயது மதிர்ஜா. யாரோ முகத்தின்மேல் வாழை இலையைப் போட்டிருந்தார்கள். இடுப்பில் பதநீர் பிடிக்கும் மூங்கில் குழாய். கையெட்டும் தூரத்தில் பாளை சீவும் கத்தி.

ஒரு காலத்தில் அந்தச் சரிவிலேயே முதல்தரமான மரமேறி. அது நான்கு வருடத்துக்கு முன்னால். பிறகு மறதி வந்தது. டாக்டரம்மா அதற்கு அல்சைமர் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்து என்ன? மதிர்ஜாவுக்கு அந்தப் பெயரும் நினைவில் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் மரம் மறந்தது. ஒன்றரை வருடத்தில் மகளின் முகமும் மறந்தது.

அப்படிப்பட்டவர் நாற்பதடி உயரத்துக்குப் போய் விழுந்திருக்கிறார்.

முந்தாநாள் சாயங்காலம் நீங்கள் எங்கள் கொல்லையில் வந்து நின்று அப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று குஸ்வதி கேட்டாள். தர்சுன் மறைக்கவில்லை. முட்டி வீங்கி ஐந்து நாளாக மரம் ஏற முடியவில்லை, பாளையெல்லாம் காய்கிறது, ஏழு மரமும் வீணாகிறது என்று புலம்பியது உண்மைதான்.

"சுவத்துக்கிட்ட சொல்ற மாதிரி சொன்னேன்மா. அவருக்கு என்ன புரியும்? ரெண்டு வருஷமா உன் பேரே தெரியாத மனுஷன்..."

குஸ்வதி வாயைத் திறந்தாள்.

உடனே மூடிக்கொண்டாள்.

அதைக் கூட்டத்தில் ஒரே ஒருத்தி கவனித்தாள். அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி, சேற்றில் பூட்ஸ் புதையப் புதைய வந்து நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டர் வெனிங்.

*

வெனிங்குக்கு நாற்பது வயது. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அதை மெல்லமாட்டாள்... ஒதுக்கி வைத்துக்கொண்டு யோசிப்பாள்.

பிணத்தைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். தன் கான்ஸ்டபிளைப் பார்த்தாள். அவன் மரத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் செருப்பைப் பார்த்தான்.

கூட்டத்திலிருந்து ஒரு மரமேறி தானே முன்வந்தான். அடிமரத்தில் வெட்டியிருந்த படிகளில் கால் வைத்து விறுவிறுவென்று ஏறினான். உச்சியிலிருந்து சொன்னான்... பாளை புதிதாகச் சீவியிருக்கிறது, காகிதம் மாதிரி மெல்லிசான சீவல், இது தெரிந்த கை. இறங்கி வந்து மற்ற ஆறு மரத்தையும் ஏறிப் பார்த்தான். ஆறிலும் அதே கை.

"யாரும் தள்ளல" என்றாள் வெனிங். "தள்றதுக்கு அந்த உச்சியில ரெண்டாவது ஆளுக்கு இடமில்ல. மழை ஈரம், வழுக்கியிருக்கு. ஆனா என் கேள்வி அது இல்ல."

கிராம்பு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது.

"எல்லாம் மறந்த மனுஷன், ஏழு மரத்தோட வேலையை எப்படி ஞாபகம் வச்சு செஞ்சாரு?"

தர்சுன் மட்டும் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

காரணம், அவருடைய சமையலறை வாசலில் அன்று விடியற்காலை ஆறு மூங்கில் குழாய்கள் நின்றுகொண்டிருந்தன. ஆறிலும் பதநீர். வாய் வரைக்கும்.

எந்தப் புண்ணியவானோ என்று நினைத்தார். யாரென்று விசாரிக்க வெளியே வந்தார். அதற்குள் சரிவின் கீழிருந்து குஸ்வதியின் அலறல் வந்துவிட்டது.

*

தர்சுன் வீட்டு வாசலில் வெனிங் அந்தக் குழாய்களைச் சுற்றி வந்தாள். கொட்டகையில் தர்சுனின் குழாய்கள் மாட்டும் ஆணிகள் காலியாக இருந்தன. கத்தி மாட்டும் ஆணியும்.

அடுப்புப் பக்கம் ஒரு பலகையில் துரியா உட்கார்ந்திருந்தாள். தர்சுனின் மனைவி. அறுபத்து மூன்று வயது. மடியில் ஒரு கொட்டாங்குச்சி. சர்க்கரைப் பாகு ஊற்றும் அச்சு அது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து அந்த ஒன்றைத்தான் துடைக்கிறாள்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள் வெனிங். சரி, அந்தப் பெரியவரிடம் சொல், தேநீர் போட்டுத் தருவார், நல்ல மாதிரி வேலைக்காரர் என்று தர்சுனைக் காட்டினாள்.

தர்சுன் சிரிக்க முயன்றார். முடியவில்லை. தேநீர் போடப் போனார்.

"எத்தனை நாளா இப்படி?" வெனிங் அவர் பின்னால் போய் மெல்லக் கேட்டாள்.

"நோய் வந்து மூணு வருஷம். இந்த அளவுக்கு மோசமானது... ஒரு மூணு மாசமாத்தான், இபு."

அம்மா என்கிற மரியாதையில் 'இபு' என்றதோடு நிறுத்திக்கொண்டார். சொல்லாததை நாம் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் சுகாதார நிலையத்தில் டாக்டர் பிரமெஸ்தி கூட்டம் போட்டார். மறதிக்கு ஒரு மருந்தைச் சோதிக்கிறார்கள். அது ஒரு சர்க்கரை. இயற்கைச் சர்க்கரை. தென்னையில் துளித்துளியாக இருப்பதைப் பிரித்தெடுத்தது. மூளையில் படிகிற அழுக்கைக் கட்டியாக விடாமல் அது தடுக்குமோ என்று பார்க்கிறார்கள். 'தடுக்கும்' என்று சொல்லவில்லை. 'தடுக்குமோ' என்றுதான் சொன்னார். ஊருக்கு அந்த 'ஓ' காதில் விழவில்லை. நம் மரம், நம் சர்க்கரை, நமக்கே மருந்தாக வருகிறது என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒரு நிபந்தனை. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கும் வெறும் தூள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது என்றார் டாக்டரம்மா. பெட்டியில் எண் மட்டும் இருக்கும். உள்ளே அறுபது வெள்ளைப் பொட்டலங்கள், அவற்றில் ஓர் எழுத்தும் கிடையாது. காலை ஒன்று, மாலை ஒன்று, வெந்நீரில்.

துரியாவுக்குப் பதினேழாம் எண். மதிர்ஜாவுக்கு இருபத்துமூன்று.

குஸ்வதி சுகாதார நிலையத்தில்தான் பெருக்கித் துடைக்கிறாள். மாதம் பிறந்தால் இரண்டு பெட்டியையும் அவளே வாங்கி வருவாள். வழியில் தர்சுன் வீட்டில் இரண்டையும் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போவாள். திரும்பும்போது தன்னுடையதை எடுத்துக்கொண்டு, ஓடைப்பாலம் தாண்டி வீட்டுக்குப் போவாள்.

நடுவில் இரண்டு மணி நேரம்.

முதல் நான்கு மாதம் தர்சுன் ஒரு பாவமும் செய்யவில்லை. துரியா நன்றாகவே இருந்தாள். மூன்று தடவை அவரைக் 'காங்' என்று கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். ஊரில் எந்த ஆணையும் ஐயா என்கிற மாதிரி 'பாக்' என்பாள். புருஷன் ஒருத்தன்தான் 'காங்'. நோய் வந்து அந்தச் சொல் போயிருந்தது. ஒருநாள் மத்தியானம் வானத்தைப் பார்த்துவிட்டு, காங், மழை வருது, விறகை உள்ள எடு என்றாள். தர்சுன் விறகை உள்ளே எடுத்தார். விறகுக் கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதார்.

அங்கேதான் பேராசை பிடித்தது.

ஐந்தாம் மாதம். இரண்டு பெட்டியும் எதிரே. பதினேழில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நாக்கு நுனியில் வைத்தார். இனிப்பு மந்தம். வாயைக் கொப்பளித்தார். இருபத்துமூன்றில் ஒன்று. நல்ல இனிப்பு. கூர்மையான, ஏமாற்றாத இனிப்பு.

நாற்பத்தைந்து வருடம் சர்க்கரை காய்ச்சியவர். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டால், எந்தச் சரிவு, எந்த மரம், யார் கை என்று சொல்லுவார். அவர் தொழிலில் ஒரே ஒரு வேதம்தான். இனித்தால் அசல். இனிப்பு குறைந்தால் கலப்படம்.

அப்படியானால் என் துரியாவுக்கு வந்தது பொய்ப்பெட்டி!

மூளை வேகமாக ஓடியது. பொய் மருந்துக்கே மூணு தடவை காங் என்று கூப்பிட்டாளே... நிஜ மருந்து கொடுத்தால் எப்படி இருக்கும்?

பொட்டலங்களை மாற்றினார். அறுபதும் இங்கே, அறுபதும் அங்கே. மதிர்ஜா அவர் சிநேகிதர்தான். ஒரே நாளில் முதல் மரம் ஏறியவர்கள். ஆனால் மதிர்ஜா மகளையே மறந்து இரண்டு வருடமாயிற்று, அவருக்கு இனி என்ன என்று மனசு வாதாடியது. திருடுகிற மனசு நல்ல வக்கீல்.

அதன்பிறகு ஐந்து மாதம். ஐந்து பெட்டி.

துரியா படிப்படியாக இறங்கினாள். நல்ல மருந்து முதலில் நோயைக் கிளறித்தான் விடும் என்று தர்சுன் தனக்கே சொல்லிக்கொண்டார். தினமும். இரண்டு வேளையும்.

*

"பாக் தர்சுன்." வெனிங்கின் குரல் அவரை இழுத்து வந்தது. "பதநீரை வாயில வச்சா எறக்கின கை எதுன்னு சொல்லுவீங்களாமே. ஊர்ல சொல்றாங்க. இதைச் சொல்லுங்க."

ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள்.

தர்சுன் ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கில் சுண்ணாம்பு சுருக்கென்று இழுத்தது.

பதநீர் புளிக்காமலிருக்க மரமேறிகள் குழாயில் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவார்கள். ஒவ்வொரு கைக்கும் ஓர் அளவு. மதிர்ஜாவின் கை தாராளம். அவர் பதநீரை வாங்கினால் பாதியைக் குடிக்கலாம், பாதியை வைத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கலாம் என்று ஊரே கிண்டல் பண்ணும்.

தர்சுன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மதிர்ஜா..." என்றார். "நேத்து சாயங்காலம் குழாய் கட்டியிருக்கான். காலைல இருட்டு பிரியறப்ப எறக்கியிருக்கான். ஆறு மரம் முடிச்சு, என் வாசல்ல கொண்டாந்து வச்சுட்டு... ஏழாவதுக்குப் போயிருக்கான்."

"எதுக்கு?"

"என் முட்டிக்காக."

கிராம்பு அசையவில்லை.

"சுவத்துக்குக் காது இருந்திருக்கு, பாக்" என்றாள் வெனிங்.

*

பதினோரு மணிக்கு மதிர்ஜாவின் வீட்டு முன்னறையில் டாக்டர் பிரமெஸ்தி ஓர் அரக்கு வைத்த உறையோடு வந்து உட்கார்ந்தார். சோதனையில் இருக்கும் நோயாளி இறந்தால், அவருடைய எண்ணை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று விதி. உறையைக் கிழித்தார். படித்தார். புருவம் சுருங்கியது.

"இருபத்துமூணு... வெறும் தூள்தான். சாதாரண சர்க்கரை கலந்த மாவு. மருந்து இல்ல."

சுவரோரம் நின்றிருந்த தர்சுன் நாக்கு நுனியை உதட்டில் தடவிப் பார்த்தார்.

இருபத்துமூன்று... வெறும் தூளா? இனித்ததே!

"அப்படின்னா அப்பா எப்படி..." என்று ஆரம்பித்த குஸ்வதி, காலையில் மூடிய வாயை இப்போது திறந்தாள். எல்லாம் கொட்டிவிட்டது. மூன்று மாதமாக அப்பா தேறி வந்தார். முதலில் சீட்டி அடித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தென்னைகளை எண்ணினார். பிறகு ஒருநாள் அடுப்படிக்கு வந்து, குஸ்வதி, உப்பு போதுமா பார் என்றார். பேர் சொல்லி.

ஊரில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. திருஷ்டி ஒரு பக்கம். இன்னொரு பக்கம்...

"லிக் வீட்ல சித்தி நாளுக்கு நாள் தேஞ்சுக்கிட்டு வராங்க. அந்த வீட்டு வாசல்ல நின்னு எங்கப்பா தேறிட்டாருன்னு எந்த வாயால சொல்றது? சொல்லல. அவரு மனசு நோகும்னு சொல்லல."

டாக்டர் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். போன மாதம் மதிர்ஜாவிடம் எடுத்த ரத்தத்தின் முடிவு. அதுவும் உறையோடு சேர்ந்து இன்றுதான் பிரிந்தது.

"ரத்தத்துல அந்த மருந்துச் சர்க்கரை இருக்கு" என்றார் டாக்டர். "நாங்க குடுக்கல. வேற யாரோ குடுத்திருக்காங்க. தொடர்ந்து."

வெனிங் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"மருந்து அறைச் சாவி யார்கிட்ட?" வெனிங் கேட்டாள்.

எல்லோருக்கும் தெரியும். பெருக்குகிறவளிடம்.

"பெட்டிகளைத் தூக்கிட்டு வர்றது யாரு?"

அதுவும் அவள்தான்.

"அப்பா தேறினதை ஊருக்கு மறைச்சது யாரு?"

குஸ்வதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்தப் பொட்டலத்தைத் தவிர எதையும் நான் கொடுக்கவில்லை, அப்பா மேல் சத்தியம் என்றாள். அப்பா உள்ளறையில் வெள்ளைத்துணிக்குள் இருந்தார். சாட்சிக்கு வரமாட்டார்.

வெனிங் மேஜையைப் பார்த்தாள். அங்கே இருபத்துமூன்றாம் எண் பெட்டி. உள்ளே மீதம் பதினான்கு பொட்டலங்கள். கான்ஸ்டபிள் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைக்க ஆரம்பித்தான்.

அந்தப் பதினான்கும் துரியாவுடையவை.

தர்சுனுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. தெரிந்ததோடு இன்னொன்றும் தெரிந்தது.

வாயைத் திறக்காவிட்டால்... யாருக்கும் தெரியாது. துரியாவின் உறை சோதனை முடியும் வரை பிரியாது. அதற்கு இன்னும் ஒன்றரை வருடம். அடுத்த மாதம் பதினேழாம் எண் பெட்டி வரும். நேராகத் துரியாவுக்குப் போகும். இந்தத் தடவை மாற்ற வேண்டாம். அவ்வளவுதான். மதிர்ஜா மகளை மீட்டெடுத்த மாதிரி, அவளும் ஒருநாள் வானத்தைப் பார்ப்பாள். காங் என்பாள்.

ஒரே ஒரு செலவு. குஸ்வதி ஜெயிலுக்குப் போவாள்.

"வாம்மா" என்றாள் வெனிங். "அடக்கம் முடியற வரைக்கும் இங்கயே இரு. அப்புறம் ஸ்டேஷன்."

குஸ்வதி அழவில்லை. திரும்பித் தர்சுனைப் பார்த்தாள்.

"லிக்... அப்பாவைக் குழியில எறக்கறப்ப நீங்க தலைமாட்டுல நில்லுங்க. வேற யாரும் இல்ல எங்களுக்கு. காலைல என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

தர்சுன் அந்தப் பிளாஸ்டிக் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை அரக்கு சொட்டியது. ஒரு சொட்டு... இரண்டு சொட்டு...

மூன்றாவது சொட்டுக்கு வாய் திறந்தது.

"அவ இல்ல, இபு. நான்."

*

சொன்னார். ஒன்றும் விடாமல். எந்த மாதம், எத்தனை பொட்டலம், எந்த வாசல்படியில் வைத்து மாற்றியது, எல்லாம். இனிப்பைப் பார்த்து முடிவு செய்ததையும்.

டாக்டர் பிரமெஸ்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மருந்துச் சர்க்கரைக்கு இயல்பிலேயே இனிப்பு குறைவு. வெறும் தூளை அதற்கு ஈடாக்க எவ்வளவோ பாடுபட்டார்களாம். நகரத்தில் இருநூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

"எனக்குத் தெரிஞ்சுது, டாக்டரம்மா."

"தெரிஞ்சுது, பாக். தலைகீழாத் தெரிஞ்சுது."

தர்சுன் ஒன்றே ஒன்று கேட்டார். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பதினேழாம் எண் பெட்டி அவளுக்குத் தொடர்ந்து வருமா?

டாக்டர் இல்லையென்று தலையசைத்தார். பொட்டலம் மாறிய இரண்டு எண்களும் சோதனையிலிருந்து நீங்கிவிடும். அதுதான் சட்டம். கடைகளில் அந்த மருந்து கிடையாது, இன்னும் மருந்தாகவே ஆகவில்லை. ஒரு மதிர்ஜாவை வைத்து அது வேலை செய்கிறது என்று சத்தியம் பண்ணவும் முடியாது...

"ஒரு மதிர்ஜா போதும் எனக்கு" என்றார் தர்சுன்.

குஸ்வதி மெல்ல அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து அவர் முகத்தைக் கொடுத்தார்.

"அப்பா என் பேரைச் சொன்னது... உங்க வீட்டுப் பொட்டலத்தாலயா, லிக்?"

"திருடுறதா நெனச்சேன்மா."

"குடுத்திருக்கீங்க." அவள் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள். "குடுத்துட்டு, நீங்களே திருப்பியும் வாங்கிட்டீங்க. நான் உங்களை என்ன பண்ணட்டும்? கால்ல விழட்டுமா, கழுத்தை நெரிக்கட்டுமா?"

தர்சுனைச் சொல்லச் சொன்னால் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார்.

*

வெனிங் அவரை ஓடைப்பாலத்தைத் தாண்டிக் கூட்டி வந்தாள். விலங்கு போடவில்லை. இந்த முட்டியோடு நீங்கள் ஓடினால் அதைப் பார்க்க நானே டிக்கெட் வாங்குவேன் என்றாள். பிறகு, அப்படிச் சொன்னதற்கு வருத்தப்பட்டவள் போல, வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"பத்து நிமிஷம், பாக். அவங்களைப் பாத்துக்க ஆள்?"

என் தங்கை வருகிறாள், சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்றார் தர்சுன்.

துரியா அதே பலகையில் இருந்தாள். அதே கொட்டாங்குச்சி. இப்போது அது கண்ணாடி மாதிரி மின்னியது.

தர்சுன் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி கத்தியது. கைலியை இழுத்து அதை மூடினார்.

என்ன பேசுவது? நாற்பது வருடத்தை எந்த முனையில் பிடித்து இழுப்பது? ஒரு கோப்பையை எடுத்தார். வாசலில் நின்ற குழாய்களில் ஒன்றைச் சாய்த்து ஊற்றினார். அவள் கையில் கொடுத்தார்.

துரியா ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்பினாள். இன்னொரு வாய்.

சட்டென்று முகம் சுளித்தாள்.

"சுண்ணாம்பு தூக்கல். இது மதிர்ஜா எறக்கினதுல்ல? அந்தாளுக்கு எத்தனை தடவை சொன்னாலும் கை அடங்காது."

தர்சுன் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

மூன்று மாதமாக அவள் வாயிலிருந்து ஒரு பெயர் வந்ததில்லை. ஒரு பெயர்கூட. நாக்கு மறக்கவில்லை! எங்கேயோ, ஏதோ ஓர் இடுக்கில், இன்னும் விளக்கு எரிகிறது... இன்னும் ஐந்து மாதப் படிகள் ஏறினால் போதும்... எட்டிப் பிடித்துவிடலாம்...

"ஆமா துரியா, மதிர்ஜாதான்." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மதிர்ஜாவைத் தெரிஞ்சிருச்சுல்ல. அப்ப இது யாரு? என்னைப் பாரு. நல்லாப் பாரு. நான் யாரு?"

துரியா பார்த்தாள். நிதானமாக, தலைமயிரிலிருந்து வீங்கிய முட்டி வரைக்கும், அக்கறையோடு பார்த்தாள். வேலிக்கு வெளியே நின்ற வெனிங் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையை மரியாதையாக விடுவித்துக்கொண்டு, கோப்பையைக் கீழே வைத்தாள் துரியா. பழைய குறும்பு கண்ணில் ஒரு நொடி வந்து நின்றது.

"நானும் காலைலேர்ந்து பாக்கறேன், பாக். எந்நேரமும் எங்க வீட்டு அடுப்படியிலயே கிடக்கறீங்களே... உங்க பொண்டாட்டிக்கு உங்க ஞாபகமே வராதா?"